விலை ஏறியது, மரம் சாய்ந்தது: எல்லையோரத் தென்னை விவசாயிகளின் தவிப்பு

புதுதில்லி: தென்னைச் சாகுபடியை மேம்படுத்தத் தனித் திட்டம் கொண்டு வரப்படும் என்று 2026-27-ம் ஆண்டுக்கான மத்திய பட்ஜெட்டில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்தார். விளைச்சல் குன்றிய பழைய மரங்களை அகற்றிப் புதிய கன்றுகளை நடுவது இத்திட்டத்தின் முக்கிய அம்சம். சுமார் 3 கோடி மக்கள் தென்னையை நம்பி வாழ்கின்றனர், அவர்களில் ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் விவசாயிகள் என்றும் பட்ஜெட் உரையில் குறிப்பிடப்பட்டது.

அறிவிப்பு வரவேற்கத்தக்கதே. ஆனால் பாலக்காடு முதல் இடுக்கி வரையிலான கேரள - தமிழக எல்லையில், ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் தோப்பைக் கொண்டு குடும்பம் நடத்தும் சிறு விவசாயிகளின் கேள்வி வேறு. பழைய மரத்தை வெட்டிய நாள் முதல் புதுக் கன்று காய்க்கும் நாள் வரை அடுப்பு எரிவது எப்படி என்பதே அது. இதற்கு விடை காணாத எந்தத் திட்டமும் அவர்களது தோப்பு வரப்பைத் தாண்டி உள்ளே வராது.

மலைக்கு இருபுறமும்: இப் பிரச்சினையின் பரப்பை உணர மலை மேலிருந்து தொடங்குவது பொருத்தம். இடுக்கி மாவட்டம் சின்னக்கானலை அடுத்த சூரியநெல்லி, தேயிலையும் ஏலமும் விளையும் ஊர். தமிழ் பேசும் தோட்டத் தொழிலாளர்கள் பல தலைமுறைகளாக வாழும் இடம். இங்கு தென்னந்தோப்பு கிடையாது. நம் நாட்டில் கடல் மட்டத்திலிருந்து சுமார் 600 மீட்டர் உயரம் வரைதான் தென்னை நன்கு காய்க்கும். சூரியநெல்லியோ ஆயிரம் மீட்டருக்கும் மேலே இருக்கிறது. எனவே இங்குள்ள லயங்களில் சட்னிக்கு உடைக்கப்படும் ஒவ்வொரு தேங்காயும் கீழிருந்து மலையேறி வந்ததுதான்.

கிழக்கே பூப்பாறை, போடிமெட்டு வழியாக இறங்கினால் போடிநாயக்கனூரும் அதற்கப்பால் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் விளையும் கம்பம் பள்ளத்தாக்கும் வருகின்றன. மேற்கே அடிமாலியைக் கடந்து இறங்கினால் எர்ணாகுளம், கோட்டயம் மாவட்டங்களின் வீட்டுத் தோட்டங்கள். இருபுறமும் தென்னை. சூரியநெல்லியிலிருந்து ஜீப்பில் கொழுக்குமலைக்குச் சென்று சூரிய உதயம் பார்ப்போர், காலடியில் காண்பது தேனி மாவட்டச் சமவெளியைத்தான்.

மேற்குச் சரிவின் அடிவாரத்தில் சுமார் 140 ஆண்டுகளுக்கு முன் தோன்றிய ஒரு நோய், இன்று அந்தக் கிழக்குச் சமவெளியையும் எட்டிவிட்டது. இரு மாநிலங்களுக்கும் நடுவே நிற்கும் மலைத் தொடரால் அதைத் தடுக்க முடியவில்லை.

1882 வெள்ளத்துக்குப் பின்: வேர் வாடல் நோய் முதன்முதலில் கண்டறியப்பட்டது 1882-ம் ஆண்டுப் பெருவெள்ளத்தை அடுத்து, இன்றைய கோட்டயம் மாவட்டம் மீனச்சில் வட்டத்தில் உள்ள ஈராற்றுப்பேட்டையில். அங்கிருந்து மெல்லப் பரவிய நோய், திருவனந்தபுரம் முதல் திருச்சூர் வரை தென் கேரளத்தின் 8 மாவட்டங்களைத் தொடர்ச்சியாகப் பற்றியது. 1984-85-ல் நடத்தப்பட்ட கணக்கெடுப்பின்படி, இந் நோயால் ஆண்டுதோறும் ஏற்பட்ட இழப்பு 96.8 கோடி தேங்காய்கள்.

இந் நோயை ஆராய்வதற்கென்றே காயங்குளத்தில் ஓர் ஆய்வு நிலையம் அமைக்கப்பட்டது. பின்னர் அது காசர்கோட்டைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய தோட்டப்பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டல நிலையமாயிற்று. பல பத்தாண்டு ஆய்வுக்குப் பிறகே, நோய்க்குக் காரணம் 'பைட்டோபிளாஸ்மா' என்னும் நுண்ணுயிர் என்பது உறுதியானது. கண்ணாடி இறக்கைப் பூச்சி, தத்துப்பூச்சி போன்ற சாறு உறிஞ்சும் பூச்சிகள் இதை மரத்துக்கு மரம் எடுத்துச் செல்கின்றன.

நோய் தாக்கிய மரத்தின் ஓலைகள் விறைப்பை இழந்து, விலா எலும்பு போல உட்புறமாக வளைகின்றன. அடியோலைகள் மஞ்சளாகி, ஓரங்கள் கருகுகின்றன. பூங்குருத்து சிறுத்து, குரும்பை உதிர்கிறது. இதைக் குணப்படுத்த மருந்து இல்லை. அதே நேரத்தில் மரம் உடனே செத்துப் போவதும் இல்லை. 80 காய் காய்த்த மரம் 40 காய்க்கு இறங்கி, 20-க்கு இறங்கி, வெறும் ஓலையுமாய் ஆண்டுக்கணக்கில் நிற்கும்.

தமிழகத்தில் 'கேரள வாடல் நோய்' என்று அழைக்கப்படும் இது, எல்லையோர மாவட்டங்களான கன்னியாகுமரி, தென்காசி, தேனி, கோவை ஆகியவற்றிலும், அடுத்துள்ள திருப்பூரிலும் பரவியுள்ளது. பொள்ளாச்சி, ஆனைமலைப் பகுதிகளில் நோய் தாக்கிய மரங்களைச் சாலையில் செல்வோரே அடையாளம் காணலாம்.

வெட்டுவதா, விடுவதா? நோய் கடுமையாகப் பரவிவிட்ட பகுதிகளில், ஆண்டுக்குப் பத்துக் காய்க்கும் குறைவாகக் கொடுக்கும் மரங்களை மட்டும் அகற்றிவிட்டு, மற்றவற்றுக்கு உரமும் நீரும் முறையாகக் கொடுத்து விளைச்சலைக் காக்கலாம் என்பது ஆராய்ச்சியாளர்களின் பரிந்துரை. நோய் புதிதாக நுழைந்துள்ள எல்லையோரப் பகுதிகளுக்குப் பரிந்துரை வேறு. அங்கு அறிகுறி தென்பட்ட மரங்கள் அனைத்தையும் வெட்டி அகற்ற வேண்டும். ஒரு மரத்தை விட்டுவைத்தாலும் அதிலிருந்து பூச்சிகள் வழியாக அடுத்த தோப்புக்கு நோய் செல்லும்.

அறிவியல் நோக்கில் இது சரி. விவசாயியின் நோக்கில் பார்ப்போம். 25 அடி இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு சுமார் 70 மரங்கள் நிற்கும். ஓர் ஏக்கர் வைத்திருப்பவரின் தோப்பில் 20 மரங்களுக்கு நோய் என்று கொள்வோம். ஒவ்வொன்றும் இன்னும் ஆண்டுக்கு 30 காய் கொடுத்தாலும் 600 காய்கள். காய்க்கு 20 ரூபாய் கிடைத்தாலே 12 ஆயிரம் ரூபாய். அம் மரங்களை இன்று வெட்டினால் அந்த வருவாய் இன்றே நின்றுவிடும். வெட்டுக் கூலி, வேரோடு தோண்டும் செலவு, கன்று விலை, குழி, உரம், சொட்டுநீர் எல்லாம் கைப்பணம். அந்த இடத்தில் வைக்கும் நெட்டை ரகக் கன்று காய்க்க 6 அல்லது 7 ஆண்டுகள் ஆகும். ஒட்டு ரகத்துக்கு 4 முதல் 5 ஆண்டுகள்.

பக்கத்துத் தோப்புக்காரர் தமது நோய் மரத்தை வெட்டாவிட்டால், தாம் மட்டும் வெட்டி என்ன பயன் என்ற கேள்வியும் எழுகிறது. இதனால் ஒவ்வொருவரும் மற்றவருக்காகக் காத்திருக்கின்றனர். நோய் யாருக்காகவும் காத்திருப்பதில்லை.

துண்டு துண்டான நிலம்: கேரளத்தில் இச் சிக்கல் மேலும் கடுமையானது. 2015-16-ம் ஆண்டு வேளாண் கணக்கெடுப்பின்படி, கேரளத்தில் ஒரு நில உடைமையின் சராசரி அளவு 0.18 ஹெக்டேர், அதாவது அரை ஏக்கருக்கும் குறைவு. தமிழகத்தில் இது 0.75 ஹெக்டேர். கேரளத்தில் 1970 ஜனவரி முதல் தேதியிலிருந்து குத்தகை முறை ஒழிக்கப்பட்டது. குடிசை போட்டு வாழ்ந்தவர்களுக்கும் கிராமப்புறங்களில் 10 சென்ட் வரை மனையுரிமை கிடைத்தது. நாட்டுக்கே முன்னோடியாக அமைந்த அந்தச் சீர்திருத்தத்தால் ஏழையின் வாசலிலும் பத்துத் தென்னைகள் நின்றன. வீட்டுச் சமையலும் கைச்செலவும் அவற்றால் நடந்தன.

ஆனால் பத்து மரம் உள்ளவருக்கு மரமேறும் தொழிலாளி வந்து சேர்வதில்லை. முறையாகக் காய் இறக்க 45 நாள்களுக்கு ஒரு வெட்டு, ஆண்டுக்கு எட்டு வெட்டு வேண்டும். தென்னை வளர்ச்சி வாரியம் 2011-ல் 'தென்னை மரத்தின் நண்பர்கள்' என்ற பெயரில் இளைஞர்களுக்குக் கருவி கொண்டு மரமேறும் பயிற்சியைத் தொடங்கியது. பயன் இருந்தது. எனினும் ஆள் பற்றாக்குறை தீரவில்லை. காய் தானாக விழும் வரை விட்டுவைக்கும் வீடுகள் பல.

விளைவு, நிலப்பரப்பிலேயே தெரிகிறது. 2000-01-ல் கேரளத்தில் சுமார் 9.25 லட்சம் ஹெக்டேரில் தென்னை இருந்தது. இருபது ஆண்டுகளில் இது 8 லட்சம் ஹெக்டேருக்கும் கீழே வந்துவிட்டது. ரப்பரும் கட்டடங்களும் அந்த இடத்தைப் பிடித்தன. தென்னையின் பெயரையே தனது பெயராகக் கொண்டதாகப் பெருமை பேசும் மாநிலத்தை, உற்பத்தியில் கர்நாடகம் முந்திச் சென்றது.

உச்ச விலை யாருக்கு? 2025-ம் ஆண்டில் தேங்காய் விலை வரலாறு காணாத உயரத்தைத் தொட்டது. கொப்பரை கிலோ 200 ரூபாயைத் தாண்டியது. கேரளத்தில் ஓணத்துக்கு முன்பே தேங்காய் எண்ணெய் 400 ரூபாயைக் கடந்தது. தென்னை விவசாயிக்கு நல்ல காலம் பிறந்துவிட்டது என்று நகரவாசிகள் எண்ணினர்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், அதாவது 2023-ல், இதே விவசாயிகள் தேங்காயைச் சாலையில் கொட்டிப் போராடினர் என்பது பலருக்கு நினைவிருக்காது. அப்போது வெளிச் சந்தையில் கொப்பரை விலை, மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலைக்கும் கீழே கிடந்தது. விலை வீழ்ந்ததால் உரம் குறைந்தது. உரம் குறைந்ததால் மரம் மெலிந்தது. கூடவே வறட்சியும் வெள்ளை ஈயும் சேர்ந்துகொண்டன. காய் குறைந்ததால்தான் விலை ஏறியது.

தென்னையில் ஒரு பாளையின் மூலக் குருத்து உருவாவது முதல் அது காயாக முற்றுவது வரை சுமார் 44 மாதங்கள் ஆகின்றன. எனவே மூன்றரை ஆண்டுகளுக்கு முன் மரம் பட்ட பாட்டின் பலனே இன்றைய வெட்டில் கிடைக்கிறது. விலை இன்று ஏறியதும் நாளையே காய் பெருகிவிடாது. ஆயிரம் காய் இறக்கியவர் நானூறு காய் இறக்கினால், விலை இரு மடங்கானாலும் அவருக்கு நஷ்டமே. விலை உயர்வின் பலன் நல்ல தோப்பும் தண்ணீரும் உள்ளவருக்கும், சரக்கை இருப்பு வைக்கக் கூடியவருக்கும் போய்ச் சேர்ந்தது.

மேலும், உச்ச விலை ஒரு பொறியாகவும் அமைந்துவிட்டது. தேங்காய் ஐந்து ரூபாய்க்கு விற்றபோது நோய் மரத்தை வெட்டக் கையில் காசில்லை. முப்பது ரூபாய்க்கு விற்கும்போது வெட்ட மனம் வரவில்லை. இரு நிலையிலும் நோய் மரம் நின்றுகொண்டே இருக்கிறது.

எட்டாத ஆதரவு விலை: அரவைக் கொப்பரைக்கு 2014-ல் குவிண்டாலுக்கு ரூ.5,250 ஆக இருந்த ஆதரவு விலை, 2026 பருவத்துக்கு ரூ.12,027 ஆக உயர்த்தப்பட்டுள்ளது. பந்து கொப்பரைக்கு ரூ.5,500-லிருந்து ரூ.12,500 ஆகியுள்ளது. காகிதத்தில் இது இரு மடங்குக்கும் மேல்.

ஆனால் சிறு விவசாயி விற்பது கொப்பரை அல்ல, தேங்காய். கொப்பரையாக்க உலர்களம் வேண்டும், மட்டை உரிக்க ஆள் வேண்டும், நாள் கணக்கில் காய வைக்க வேண்டும், மழைக்கு அஞ்ச வேண்டும். ஈரப்பதம் 6 சதவீதத்துக்குள் இருந்தால்தான் கொள்முதல் நிலையத்தில் அரவைக் கொப்பரையை எடுப்பர். வாரக் கடைசியில் கடைக்காரருக்குக் கடன் அடைக்க வேண்டியவர் இதற்கெல்லாம் காத்திருப்பதில்லை. தோப்புக்கே வரும் வியாபாரியிடம் அவர் சொன்ன விலைக்குக் காயை எண்ணிக் கொடுத்துவிடுகிறார். ஆதரவு விலைக்கும் அவருக்கும் இடையே ஓர் உலர்களத்தின் தூரம் இருக்கிறது.

கேரளத்தில் மாநில அரசு பச்சைத் தேங்காயையே கொள்முதல் செய்யும் முறை இருந்து வருகிறது. தமிழகத்தில் ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்கள் வழியாகக் கொப்பரை மட்டுமே வாங்கப்படுகிறது. பச்சைத் தேங்காயையும் வாங்க வேண்டும் என்பது தமிழக எல்லையோர விவசாயிகளின் நீண்ட நாள் கோரிக்கை.

பாமாயில் அரசியல்: தென்னை விவசாயியின் வருவாயை நிர்ணயிப்பதில் தில்லியில் எடுக்கப்படும் இறக்குமதி முடிவுகளுக்குப் பெரும் பங்கு உண்டு. நாட்டின் சமையல் எண்ணெய்த் தேவையில் பாதிக்கும் மேல் இறக்குமதி மூலமே நிறைவு செய்யப்படுகிறது. அதில் பாமாயிலுக்கே முதலிடம். 2009 ஆகஸ்டில் ஆசியான் நாடுகளுடன் தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தானபோது, அப்போதைய கேரள முதல்வர் வி.எஸ். அச்சுதானந்தன் கடும் எதிர்ப்புத் தெரிவித்தார். அவ்வாண்டு காந்தி ஜயந்தியன்று இடதுசாரி முன்னணி மாநிலம் நெடுக மனிதச் சங்கிலி நடத்தியது. 2010 ஜனவரியில் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது.

அதன் பின் சுங்க வரி ஏறுவதும் இறங்குவதுமாக உள்ளது. 2024 செப்டம்பரில் கச்சா சமையல் எண்ணெய் மீதான மொத்த வரி 5.5 சதவீதத்திலிருந்து 27.5 சதவீதமாக உயர்த்தப்பட்டது. 2025 மே மாத இறுதியில் இது 16.5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. நுகர்வோருக்கு விலை எட்டாமல் போய்விடக் கூடாது என்பது அரசின் வாதம். அதில் நியாயமும் உண்டு. ஆனால் காய்க்க ஏழு ஆண்டுகள் எடுக்கும் மரத்தை நடுபவருக்கு, எட்டு மாதத்தில் மாறும் வரிக் கொள்கை எந்த நம்பிக்கையையும் தருவதில்லை.

2021-ல் ரூ.11,040 கோடி மதிப்பில் எண்ணெய்ப் பனைக்கென தேசிய இயக்கம் அறிவிக்கப்பட்டது. நம் மண்ணுக்குப் புதிய பயிரான எண்ணெய்ப் பனைக்கு இவ்வளவு என்றால், நமது சொந்தத் தென்னைக்கு எவ்வளவு என்று விவசாயிகள் கேட்கின்றனர். தமிழக ரேஷன் கடைகளில் சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் லிட்டர் 25 ரூபாய்க்குப் பாமாயில் வழங்கப்பட்டு வருகிறது. அதற்குப் பதிலாகத் தேங்காய் எண்ணெய் வழங்க வேண்டும் என்று பொள்ளாச்சி முதல் பேராவூரணி வரை கோரிக்கை எழுந்தது. விலை ஏறியபோது இக் கோரிக்கை அடங்கிவிட்டது. விலை இறங்கும்போது மீண்டும் எழும்.

ஒரு தண்ணீர், இரு சட்டங்கள்: பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதிகளில் தமிழ் பேசுவோர் பெருமளவில் வசிக்கின்றனர். அந்தப் பக்கமும் தென்னை, இந்தப் பக்கம் பொள்ளாச்சியிலும் தென்னை. இருவருக்கும் தண்ணீர் தருவது பரம்பிக்குளம் - ஆழியாறு திட்டம். 1970 மே மாதம் கையெழுத்தான ஒப்பந்தப்படி, மணக்கடவு அணைக்கட்டு வழியாக ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் சித்தூர்ப் புழைக்கு விடப்பட வேண்டும். மழை பொய்க்கும் ஆண்டுகளில் இதற்காக இரு பக்க விவசாயிகளும் எதிரெதிரே நிற்க நேரிடுகிறது. வடகிழக்குப் பருவமழை பொய்த்த 2016-ம் ஆண்டை ஒட்டிய வறட்சியில் கொங்குப் பகுதியில் தென்னைகள் தலை சாய்ந்தன. லாரித் தண்ணீர் வாங்கி மரத்தைக் காப்பாற்றியவர்கள் அந்தக் கடனைச் சுமந்தனர்.

தண்ணீர் ஒன்று, சட்டம் இரண்டு. சித்தூர்ப் பகுதியில் தென்னங்கள் இறக்க அனுமதி உண்டு. கேரளத்தின் பல மாவட்டக் கள்ளுக்கடைகளுக்கு அங்கிருந்தே கள் செல்கிறது. சில கிலோமீட்டர் தொலைவில், தமிழகப் பகுதியில், 1987 முதல் கள் இறக்கத் தடை உள்ளது. புளிக்காத நீராவுக்குக் கேரளம் 2014-லும் தமிழகம் 2017-லும் வழி திறந்தன. ஆனால் பதப்படுத்துதல், குளிர்சாதனப் போக்குவரத்து, விற்பனை ஆகியவற்றில் இடறி, நீரா எதிர்பார்த்த அளவு வெற்றி பெறவில்லை. அதை நம்பித் தொடங்கப்பட்ட உற்பத்தியாளர் நிறுவனங்கள் பல கடனில் சிக்கின.

கள் குறித்து இரு வேறு கருத்துகள் இருப்பது இயல்பு. ஆயினும் ஒரே நோய், ஒரே பூச்சி, ஒரே ஆற்றுத் தண்ணீர் உள்ள நிலப்பரப்பில், வருவாய்க்கான வாய்ப்பு மட்டும் எல்லைக்கோட்டில் முறிகிறது என்பதை இரு மாநில அரசுகளும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அடுத்தடுத்து வந்த பூச்சிகள்: 1998-ல் எர்ணாகுளம் மாவட்டத்தில் முதலில் காணப்பட்ட ஈரியோபைட் சிலந்தி, சில ஆண்டுகளில் தென்னகம் முழுதும் பரவிக் காய்களைச் சூம்பச் செய்தது. 2016-ல் பொள்ளாச்சிப் பகுதியிலும் கேரளத்திலும் ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ கண்டறியப்பட்டது. இது ஓலையின் அடிப்பகுதியில் சாறு உறிஞ்சும். அதன் கழிவு கீழ் ஓலைகளில் படிந்து கரும்பூசணம் வளர, தோப்பே கரி பூசியது போலாகும்.

இதற்கு ரசாயன மருந்து தெளிக்க வேண்டாம் என்பதே விஞ்ஞானிகளின் அறிவுரை. வெள்ளை ஈயை அழிக்கும் என்கார்சியா என்ற ஒட்டுண்ணிக் குளவி இயற்கையாகவே பெருகும். மருந்து தெளித்தால் முதலில் சாவது அதுதான். மஞ்சள் நிற ஒட்டுப்பொறி, தண்ணீரைப் பீய்ச்சி அடித்தல் ஆகியவையே பரிந்துரை. இதைத் தோப்புதோறும் சென்று சொல்லவும் ஒட்டுண்ணியை வழங்கவும் போதிய களப்பணியாளர்கள் தேவை.

ஒரு மரத்தின் மதிப்பு: 2009-10-ல் தென்னை வளர்ச்சி வாரியம் தொடங்கிய காப்பீட்டுத் திட்டத்தில், 4 முதல் 15 வயது வரையிலான மரத்துக்கு ரூ.900, 16 முதல் 60 வயது வரையிலான மரத்துக்கு ரூ.1,750 எனக் காப்பீட்டுத் தொகை நிர்ணயிக்கப்பட்டது. பிரீமியத்தில் விவசாயி செலுத்த வேண்டியது கால் பங்குதான். 2018 நவம்பரில் கஜா புயல் தஞ்சை, புதுக்கோட்டை, திருவாரூர், நாகை மாவட்டங்களின் தென்னைகளைச் சாய்த்தபோது தமிழக அரசு அறிவித்த நிவாரணம், வெட்டி அகற்றும் செலவையும் சேர்த்து மரத்துக்கு ரூ.1,100.

இன்னும் முப்பது ஆண்டுகள் காய்க்கக்கூடிய ஒரு மரத்துக்கு இது ஈடாகுமா? 2025-ம் ஆண்டு விலையில், நல்ல மரம் ஒன்று ஓராண்டில் தரும் காய்களின் மதிப்பே இதைவிட அதிகம். புயலில் சாய்ந்த மரத்துக்காவது நிவாரணம் என்ற பேச்சு எழுகிறது. நோயில் மெல்ல வாடும் மரம் எந்தத் தொலைக்காட்சியிலும் வருவதில்லை.

தோப்புக்குள்ளேயே தீர்வு: நம்பிக்கைக்கு இடமில்லாமலும் இல்லை. நோய் சூழ்ந்த தோப்புகளிலும் ஆண்டாண்டுக் காலமாக நோயின்றி நின்று காய்க்கும் மரங்கள் உண்டு. அத்தகைய மரங்களைத் தேடிக் கண்டுபிடித்து, அவற்றைத் தாய் மரங்களாகக் கொண்டு காயங்குளம் விஞ்ஞானிகள் உருவாக்கியவையே கல்பஸ்ரீ, கல்பரக்ஷா ஆகிய குட்டை ரகங்களும் கல்பசங்கரா என்ற ஒட்டு ரகமும். இவை நோயை முற்றிலும் தவிர்ப்பவை அல்ல. தாங்கி நின்று காய்ப்பவை.

சிக்கல், எண்ணிக்கையில் இருக்கிறது. தென்னையை ஒட்டுக்கட்டிப் பெருக்க முடியாது. ஒரு தாய் மரத்தில் கையால் மகரந்தம் சேர்த்து, காய் முற்ற ஓராண்டு, கன்றாக மற்றோராண்டு. எனவே தேவைக்கும் கிடைப்பதற்கும் இடையே பெரும் இடைவெளி உள்ளது. அந்த இடைவெளியில்தான் சாலையோர நாற்றங்கால்கள் பெயர் மட்டும் எழுதிய கன்றுகளை விற்கின்றன. ஏமாந்தது தெரிய விவசாயிக்கு ஆறு ஆண்டுகள் ஆகும்.

காத்திருக்கும் காலத்துக்கான வருவாய்க்கும் வழி உண்டு. வாழை, கோகோ, ஜாதிக்காய், மிளகு ஆகியவற்றைத் தென்னைக்கு ஊடே பயிரிடும் முறை பொள்ளாச்சியிலும் பாலக்காட்டிலும் வெற்றி கண்டுள்ளது. ஆனால் ஊடுபயிருக்குத் தண்ணீரும் தொடக்க முதலீடும் வேண்டும். மானாவாரியில் அரை ஏக்கர் வைத்திருப்பவருக்கு இது எளிதன்று.

திட்டம் பலனளிக்க: புதிய மத்திய திட்டத்தின் வெற்றி சில தெளிவான முடிவுகளைப் பொறுத்தே அமையும். வெட்டும் மரத்துக்கு ஒரு முறை இழப்பீடு என்பதோடு நில்லாமல், புதுக் கன்று காய்க்கும் வரை ஆண்டுதோறும் வருவாய் ஆதரவு வழங்கப்பட வேண்டும். தனி விவசாயியை அன்றி, ஒரு கிராமத்தின் அல்லது ஒரு வாய்க்காலின் தோப்புகள் முழுவதையும் ஓர் அலகாகக் கொண்டு நோய் மரங்களை ஒரே காலத்தில் அகற்ற வேண்டும். அப்போதுதான் வெட்டியவர் மட்டும் ஏமாளியாகும் நிலை மாறும்.

விவசாயிகளின் சொந்தத் தோப்புகளில் நிற்கும் நோய் தாங்கும் தாய் மரங்களை அடையாளம் கண்டு, அவற்றின் காய்க்குக் கூடுதல் விலை கொடுத்து, அரசுச் சான்றுடன் கன்றுகள் உருவாக்க வேண்டும். காயங்குளம் நிலையமும் ஆழியாறு நகரில் உள்ள தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத் தென்னை ஆராய்ச்சி நிலையமும் எல்லையின் இருபுறத்துக்கும் பொதுவான ஒரே நோய்க் கண்காணிப்பு வரைபடத்தை வைத்துச் செயல்பட வேண்டும். தண்ணீருக்கு இரு மாநிலங்களும் ஒரு மேஜையில் அமர முடியுமென்றால், நோய்க்கு அமர முடியாதா?

ஆதரவு விலைக் கொள்முதல் பச்சைத் தேங்காய்க்கும் விரிவடைய வேண்டும். அல்லது ஊர்தோறும் பொது உலர்களம் அமைய வேண்டும். இறக்குமதி வரியில் செய்யப்படும் மாற்றங்கள் குறைந்தது சில ஆண்டுகளுக்காவது நிலைத்திருக்கும் என்ற உறுதி தேவை. இவற்றில் எதுவும் புதுமையான யோசனை அல்ல. விவசாயிகள் ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து நின்று சொல்வதே. பட்ஜெட் அறிவிப்பு நெறிமுறைகளாக வடிவம் பெறும்போது இவை இடம்பெறுமா என்பதைத் தென்னக எம்.பி.க்கள் கட்சி வேறுபாடின்றிக் கவனிக்க வேண்டும். கேரளமும் தமிழகமும் முல்லைப் பெரியாறு குறித்து எத்தனை முறை மோதிக் கொண்டாலும், இந்த ஒரு விஷயத்தில் இரு மாநில உறுப்பினர்களும் ஒரே குரலில் பேசத் தடையேதும் இல்லை.

சூரியநெல்லியின் சந்தைக்குப் போடிமெட்டு ஏறி வரும் தேங்காய் மூட்டையில், 2025-ல் காய்கள் சிறுத்தன, விலை பெருத்தது. வாங்கிய தோட்டத் தொழிலாளிக்கும் கட்டுபடியாகவில்லை. விளைவித்த பள்ளத்தாக்கு விவசாயிக்கும் மிச்சமில்லை. ஒரே பொருளால் இரு ஏழைகளும் நட்டப்படும் நிலை நீடித்தால், அடுத்த தலைமுறை தென்னையை நடாது. பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்ட திட்டம் கன்றைப் பற்றி மட்டும் பேசாமல், கன்று மரமாகும் வரை அதன் அருகில் வாழ வேண்டிய குடும்பத்தைப் பற்றியும் பேச வேண்டும்.